மஞ்சள் ஃபேஸ் வீடுகள்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், மூன்று தளமும் தளத்துக்கு மூன்று வீடுமாக நிற்கிற பொருநைக் குடியிருப்பில், கரண்டு வயர் வழியாக வாசனை வர ஆரம்பித்த அந்த ஆடி மாதத்து முற்பகலில், கீழ்த்தளத்துச் சிதம்பரவடிவு படுக்கையறையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருந்த பிளக் பாயிண்டின் ஓட்டைகள் வழியாகக் காப்பி வாசனை வந்தது. வடிவு அதிசயப்படவில்லை. சிக்கரி கொஞ்சம் அதிகம் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே அடுத்த சேலையை எடுத்தாள், அதை நாலாக மடித்து எட்டாக மடிக்கப் போகும்போதுதான் தனக்கு மூக்கு இல்லை என்பது ஞாபகம் வந்து, சேலையை அப்படியே போட்டுவிட்டுச் சுவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

மூக்கு இல்லை என்றால் முகத்தில் இல்லாமல் இல்லை. எட்டுக்கல் மூக்குத்தியோடு அது இருக்கிற இடத்தில்தான் இருந்தது. போன கார்த்திகையில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது வாசனையை மட்டும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. தானாக வரும் என்று டாக்டர் சொன்னார். மார்கழி போயிற்று, தை போயிற்று, பங்குனி உத்திரமும் போயிற்று, வரவில்லை. வேறொருத்தி என்றால் சாக்கடைப் பக்கம் நிம்மதியாக நடக்கலாம் என்று இருந்திருப்பாள். வடிவுக்கு அப்படி இருக்க முடியாது, ஏனென்றால் அவள் எடுப்புச் சாப்பாடு கொடுக்கிறவள். பள்ளிக்கூடத்து வாத்தியார்மாரும் பாங்க்காரர்களும் பதினொன்றரைக்கு வந்து கேரியரில் வாங்கிப்போகிற மதியச் சாப்பாடு அவள் கையால் ஆவது.

அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு செத்தவள் சமைக்கிற ரசத்தை யார் வாங்குவார்கள்? காதாலும் கண்ணாலும் சமைத்தாள். கடுகு வெடிப்பதைக் காதால் கேட்டாள், வெங்காயம் சிவப்பதைக் கண்ணால் பார்த்தாள். ஆனால் ரசத்தை எந்த நொடியில் இறக்குவது என்பது மூக்கின் வேலை, பருப்பு அடிபிடிக்கப் போகிறதா என்பது மூக்கின் வேலை, தேங்காய் நல்ல தேங்காயா என்பதும் அதன் வேலைதான். ஒருநாள் ஊசல் தேங்காயில் துவையல் அரைத்துக் கொடுத்து, அத்தனை கேரியரிலும் அது அப்படியே திரும்பி வந்தது. கணக்கு வாத்தியார் ஒருவர், "என்ன வடிவக்கா, உடம்புக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். அன்றைக்குப் பிழைப்பு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்க, தன் அடுப்பில் கொதிப்பது யாரோ ஊர் பேர் தெரியாதவள் சமையல் போலத் தனக்கே அந்நியமாகிப்போன துக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்காரரைக் கேட்கலாமே என்றால், அவரைக் கேட்பதும் அம்மிக்கல்லைக் கேட்பதும் ஒன்று. ஆவுடையப்பன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில் வயதைக் கழித்தவர். என்ன போட்டாலும் சாப்பிடுவார், என்ன கேட்டாலும் "நல்லாருக்கு" என்பார். கல்யாணமான புதிதில் மண்ணெண்ணெய் பட்ட கையோடு அவள் மாவைக் கரைத்து ஊற்றிய தோசைக்கும் "நல்லாருக்கு" என்றவர்தான். முப்பது வருஷமாக அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு, ஒருநாளாவது இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு குறை வராதா என்று வடிவு ஏங்கியதுண்டு.

காப்பி வாசனைக்குக் காரணம் தேட ரொம்பத் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. நேர் மேலே முதல் தளத்தில் இருந்த பெனிட்டா, வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், கணவன் மஸ்கட்டில். அந்தக் காலத்துக் கட்டடத்தின் தடிச்சுவரைத் தாண்டி ஹாலில் இருக்கிற நெட் படுக்கையறைக்கு வரமாட்டேன் என்றது. சுவரை இடிக்க முடியாது, வயர் இழுக்க வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். ஆகையால் அவள் சோப்புக்கட்டி அளவில் இரண்டு பெட்டிகளை வரவழைத்து, ஒன்றை ஹாலில் பிளக்கில் சொருகி, இன்னொன்றைப் படுக்கையறையில் சொருகினாள். சுவருக்குள் ஏற்கெனவே ஓடுகிற கரண்டு வயர் வழியாகவே நெட் போய்விடும் என்பது ஏற்பாடு. நெட் போயிற்று. அதன் பின்னாலேயே வாசனையும் கிளம்பிவிட்டது. பெட்டிக்காரக் கம்பெனிக்கு போன் போட்டதற்கு, பிளக்கைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கழற்றி மாட்டிய பிறகு வாசனை இன்னும் நன்றாக வந்தது.

வாசனைக்கு ஒரு முறை இருந்தது. அடுப்படியில் இருக்கிற பிளக் வாசனையை உள்ளே இழுத்துக்கொள்ளும், மற்ற அறைகளில் இருக்கிற பிளக் அதை வெளியே விடும். இழுக்கிற பிளக் விடாது, விடுகிற பிளக் இழுக்காது. வயர் வழியாக வந்தது எதுவோ அது காய்ச்சல் கொண்டுபோன மூக்கிலும் ஏறியது. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து வடிவின் சமையல் ஓட்டமும் நடையுமாக ஆனது. தாளித்துக் கொட்டிவிட்டுப் படுக்கையறைக்கு ஓடுவாள், பிளக்கில் மூக்கை வைத்துப் பார்ப்பாள், திரும்ப ஓடிவந்து பெருங்காயத்தை ஒரு சிட்டிகை கூட்டுவாள். முதல்நாள் தன் ரசத்தின் வாசனை தனக்கே வந்தபோது, ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து வந்த தங்கையைப் பார்த்ததுபோல அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கேரியர்கள் காலியாகத் திரும்ப ஆரம்பித்தன.

இந்த ஓட்டத்துக்கு இருந்த ஒரே இடைஞ்சல் ஆவுடையப்பன்தான். அந்த ஆடியிலிருந்து அவருக்குச் சொல்லிவைத்ததுபோல முற்பகல் வேளையில் முதுகு வலி வந்தது. அவள் அடுப்பைப் பற்றவைக்கிற நேரமாகப் பார்த்துக் கட்டிலில் வந்து, தலையைப் பிளக் பக்கமாகப் போட்டுப் படுத்துக்கொள்வார். வடிவு கையில் கரண்டியோடு அவர் தலைக்கு மேலே குனிந்து மூக்கை நீட்டவேண்டியிருந்தது. "அந்தத் தலையத்தான் கொஞ்சம் அங்கிட்டு வச்சுப் படுத்தா என்ன?" என்பாள். "இப்பிடிப் படுத்தாத்தான் முதுகுக்குத் தோதா இருக்கு" என்பார் அவர்.

வாசனை எல்லா வீட்டுக்கும் போய்விடவில்லை. கம்பத்திலிருந்து அந்தக் குடியிருப்புக்குள் கரண்டு மூன்று தனித்தனி வழியாக வருகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அதற்கு நிறம் சொல்வார்கள், ஃபேஸ் என்று பேர். ஒவ்வொரு ஃபேஸிலும் மும்மூன்று வீடு. மஞ்சள் ஃபேஸில் கீழே வடிவு, நடுவில் பெனிட்டா, மேலே இரண்டாம் தளத்தில் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி காந்திமதிநாதன். பெட்டி மஞ்சளில் இருந்ததால் வாசனையும் மஞ்சளோடு நின்றது. இதைக் கேள்விப்பட்டுச் சிவப்பு ஃபேஸ்காரர் ஒருவர் அதே கடையில் அதே பெட்டியை வாங்கி மாட்டினார், அவருக்கு நெட் மட்டும்தான் வந்தது. வந்த நெட்டை வைத்துக்கொண்டு அவர் நிம்மதியில்லாமல் இருந்தார்.

அதன்பிறகு அந்த மூன்று வீட்டுக்கும் இடையில் பழைய அண்டைவீட்டு உறவு போய், வேறு ஒரு உறவு வந்தது. எதிர்வாசல் பெண்ணோடு பேசாத பேச்சையெல்லாம் வடிவு மேலே இருக்கிற பெனிட்டாவோடு பேசினாள், ஏனென்றால் இவள் வீட்டில் கஷாயம் கொதிப்பது அவளுக்குத் தெரிந்துவிடும், அவள் வீட்டில் பால் பொங்கப்போவது இவளுக்குத் தெரிந்துவிடும். பெனிட்டா மீட்டிங்கில் இருக்கும்போது வடிவு மிக்ஸி போட்டால் நெட் திக்கித் திணறும், பெங்களூர் மேனேஜர் வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்துபோவார். அதனால் தேங்காய் அரைப்பதற்கு முன்னால் மேலே ஒரு மிஸ்டு கால் கொடுப்பது வழக்கமாயிற்று. செக்ரட்டரி வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் சேர்ந்து மணம் வந்தால் பெண் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று கீழே இரண்டு வீடும் அறிந்துகொண்டன. எந்த வரனுக்கு முந்திரிப்பருப்பை எத்தனை தாராளமாகப் போட்டார்கள் என்பதை வைத்தே மாப்பிள்ளையின் உத்தியோகத்தை வடிவு ஊகித்துச் சொன்னாள், ஊகம் பெரும்பாலும் சரியாக இருந்தது. மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்தார்கள், பிறகு பழகிக்கொண்டு, ஏதாவது சாக்கு வைத்து மஞ்சள் வீடுகளுக்கு வந்து பிளக் பக்கமாக உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

எல்லோருக்கும் ஒத்துப்போனது செக்ரட்டரிக்கு மட்டும் ஒத்துவரவில்லை. காந்திமதிநாதன் சுத்த சைவம், முட்டை சேர்ந்திருக்குமோ என்று கடையில் கேக் வாங்காதவர். பெனிட்டாவோ சாளையும் நெத்திலியும் இல்லாமல் சோறு இறங்காத தூத்துக்குடிக்காரி. அவள் மீனைத் தோசைக்கல்லில் போட்டால் அவருடைய பூஜை அறையில், சாமி விளக்குக்கு வைத்த பிளக் வழியாக அது வந்து இறங்கியது. பஞ்சு வைத்து அடைத்தார், பஞ்சு மணத்தது. மொட்டைமாடியில் கூட்டம் போட்டார். மீன் பொரிப்பது புதனும் ஞாயிறும் மட்டும் என்று முடிவாயிற்று, அதற்கு ஈடாகச் சாம்பிராணி காலையில் மட்டும் என்றும் முடிவாயிற்று. பெனிட்டா ஒத்துக்கொண்டாள், ஒத்துக்கொண்டபடியே நடந்தும் வந்தாள்.

தை மாதத்தில் செக்ரட்டரியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணம் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு, குடியிருப்பின் மொட்டைமாடியில். திருநெல்வேலிப் பக்கம் இந்த மறுவீட்டுச் சொதியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தேங்காய்ப் பால் எடுத்து, பாசிப்பருப்பும் காய்கறியும் இஞ்சிச் சாறும் சேர்த்து, கடைசியில் கெட்டியான தலைப்பாலை ஊற்றித் திரிந்துவிடாமல் இறக்குகிற அந்தக் குழம்பு ஒழுங்காக இருந்தால் கல்யாணத்தில் நடந்த அத்தனை குறையும் மறந்துபோகும். அது சொதப்பினால் கல்யாணமே சொதப்பியதாகப் பேச்சு வரும். செக்ரட்டரி அதை வடிவிடம் ஒப்படைத்தார். "மாப்பிள்ளையோட தாய்மாமன் நாக்கு பொல்லாத நாக்கு மதினி. ஒங்களை நம்பித்தான் இருக்கேன்" என்றார். "கவலைய விடுங்க அண்ணாச்சி" என்றாள் வடிவு, தலைமாட்டுப் பிளக் இருக்கிற தைரியத்தில்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது பூஜை அறையில் நெத்திலி வாசம் அடித்தால் என்னாவது என்ற பயம் அவரைப் பிடித்தது. கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் பெனிட்டா ஒரு வாரம் மீனையே தொட்டிருக்கமாட்டாள். அவர் செக்ரட்டரி இல்லையா, அதனால் வயர்மேனைக் கூப்பிட்டுத் தன் வீட்டை மஞ்சள் ஃபேஸிலிருந்து சிவப்புக்கு மாற்றச் சொன்னார். கல்யாணத்தன்று சாயங்காலம், மண்டபத்திலிருந்து திரும்பிய கையோடு வேலை நடந்தது. மாடிப்படிக்குக் கீழே மீட்டர் போர்டு. அதில் எந்த ஃபியூஸ் எந்த வீட்டுக்கு என்று எழுதியிருந்ததைக் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தவர்கள் சேர்த்து வெள்ளையடித்திருந்தார்கள். வயர்மேன் ஒரு வழி சொன்னார். "நான் ஒவ்வொரு ஃபியூஸா உருவுதேன் சார். ஒங்க வீட்ல கரண்டு போனதும் மேல இருந்து மணியடிங்க." நல்ல வழிதான். ஆனால் காந்திமதிநாதன் மேலே போய் லைட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், பூஜை அறையில் பிளக்குக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை, பெனிட்டா சட்டப்படி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கீழே வயர்மேன் வடிவு வீட்டு ஃபியூஸை உருவிய அதே நேரத்தில் பெனிட்டா கல்லை இறக்கி வைத்து மூடினாள். மீன் வாசம் நின்றது. செக்ரட்டரிக்கு வந்த சந்தோஷத்தில் தலைக்கு மேலே லைட் எரிந்துகொண்டிருந்தது கண்ணில் படவில்லை, பூஜை மணியை எடுத்துக் கணகணவென்று அடித்துவிட்டார். வடிவு அப்போது தேங்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில், உரித்த சின்ன உள்ளியும் துருவிய தேங்காயும் அடுப்படி முழுக்கப் பரந்திருக்க, வடிவு தேங்காயை மூன்று பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு பாத்திரமாகப் பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினாள். ஆவுடையப்பன் கட்டிலில் இல்லை. சற்றுமுன் வழக்கம்போல வந்து படுத்தவர், "என்னமோ இன்னைக்கு முதுகு வலிக்கல" என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டிருந்தார். வடிவு பிளக்கில் மூக்கை வைத்தாள். ஒன்றுமில்லை. ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தாள், மூக்குத்தி சுவரில் உரச மறுபடி வைத்தாள். சுவரில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது, அது கூடத் தெரியவில்லை.

மத்தியானம் சம்பந்தி வந்துவிடுவார்கள். அறுபது பேர் சாப்பாடு. வடிவு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மீட்டர் போர்டுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே காந்திமதிநாதன் பட்டு வேட்டியோடு நின்று ஃபியூஸ்களை முறைத்துக்கொண்டிருந்தார். பூஜை அறையில் பெனிட்டா வீட்டுச் சிக்கரிக் காப்பி வந்ததில், மாறியது தன் வீடில்லை என்று அவருக்குப் புரிந்துபோயிருந்தது.

"அந்த வயர்மேன் பய வேற யார் வீட்டையோ மாத்தித் தொலைச்சுட்டான் மதினி."

"எங்க வீட்டத்தான் மாத்தியிருக்கான்" என்றாள் வடிவு. "அவன இப்பமே வரச் சொல்லுங்க அண்ணாச்சி."

"வள்ளியூர்ல கோயில் கொடைன்னு பஸ் ஏறிட்டான். சாயங்காலம்தான் வருவான். வரட்டும், என்ன அவசரம்? சொதி எந்த மட்டுக்கு இருக்கு?"

வடிவு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் போயிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு சொதி வைத்து, நன்றாக வந்தால் அவள் அதிர்ஷ்டம் என்று விட்டிருக்கலாம். ஆனால் அடுப்படியில் மூன்று பாத்திரத்திலும் பால் வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி இருந்தது, அதில் எது நல்ல தேங்காய் எது ஊசல் என்று அவளுக்குத் தெரியாது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை வைத்து அவளால் சூதாட முடியவில்லை. காப்பி டம்ளரோடு மாடிப்படியில் இறங்கிவந்த பெனிட்டாவும், வாசல் தூணில் சாய்ந்து நின்ற ஆவுடையப்பனும் கேட்கத்தான் அவள் சொன்னாள்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு அண்ணாச்சி. போன வருசக் காய்ச்சல்ல போச்சு. இத்தன நாளும் அந்தப் பிளக்க மோந்துதான் சமைச்சேன். இப்போ அதுவும் இல்ல. எனக்கு எதுவும் தெரியல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்தினாள், அது அந்த வேலையை மட்டும் செய்தது.

காந்திமதிநாதனுக்கு முகம் வெளிறியது. "அறுபது பேரு மதினி" என்றார். "மானம் போயிரும்." மண்டபத்துச் சமையல்காரரைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தார், அந்த ஆள் இப்போது எந்த ஊர்க் கல்யாணத்தில் நிற்கிறாரோ என்று போனை மடியில் செருகிக்கொண்டார். பெனிட்டா தான் மோந்து சொல்வதாகச் சொன்னாள், தேங்காயைச் சொல்லலாம், சொதியை இறக்குகிற நொடியை இன்னொருத்தி மூக்கு சொல்லாது என்று வடிவு தலையை ஆட்டினாள். ஆவுடையப்பன் வடிவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்து, மூடி, பிறகு வேறு ஒன்றைச் சொன்னார்.

"வழியில வண்டி நின்னு போச்சுன்னா இன்னொரு வண்டில கயிறு கட்டி இழுப்போம்லா. மேல ரெண்டு வீடும் மஞ்சள்லதான இருக்கு? மேல இருந்து வயர இறக்குங்க."

ஒரு வயர் போதாது என்பதை வடிவு உடனே சொன்னாள். இழுக்கிற பெட்டி வேறு, விடுகிற பெட்டி வேறு. செக்ரட்டரி வீட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி அடுப்படி ஜன்னலுக்கு வந்து வாசனையை மேலே கொண்டுபோகவேண்டும். அது அவர் வீட்டு வயரிலிருந்து பெனிட்டா வீட்டு வயருக்குப் போய், அங்கே பால்கனியிலிருந்து இறங்குகிற இன்னொரு பெட்டி வழியாகப் படுக்கையறை ஜன்னலுக்கு வரவேண்டும்.

"மீன் பொரிச்ச வீட்டு வயர் வழியாவா எங்க சம்பந்தி சாப்பாட்டு வாசம் போகணும்?" என்றார் செக்ரட்டரி, அந்த நிலைமையிலும்.

பெனிட்டா காப்பியை ஒரு வாய் குடித்தாள். "ஆறு மாசமா ஒங்க வீட்டுச் சாம்பிராணி எங்க மீன் சட்டி மேலதான் வந்து எறங்குது அண்ணாச்சி. நான் வயர்மேனையா கூப்புட்டேன்?"

காந்திமதிநாதன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு தளமும் ஏறிப்போனார். முதலில் அவர் தன் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த விலை உயர்ந்த எக்ஸ்டென்ஷனைக் கட்டி இறக்கினார். இடி மின்னலைத் தடுக்கும் என்று வாங்கிய பெட்டி அது, வாசனையையும் தடுத்துவிட்டது. பிறகு பந்தல்காரர் சீரியல் லைட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்த சாதா வயரை எடுத்து, கைப்பிடிச் சுவரில் குனிந்து, கிணற்றில் வாளி இறக்குவதுபோல மெதுவாகக் கையை மாற்றி மாற்றி இறக்கினார். பெனிட்டாவும் அதுபோல ஒன்றை இறக்கினாள். கட்டடத்தின் முகப்பு முழுவதும் கல்யாணத்துச் சீரியல் லைட்டுகள் சிவப்பும் பச்சையுமாகத் தொங்கிக்கொண்டிருந்ததால், நடுவில் தொங்கிய இரண்டு வயரை யாரும் ஏனென்று கேட்கவில்லை. மொட்டைமாடியில் வாழையிலை கொண்டுபோனவர் ஒருவர், இதில் லைட் எரியவில்லையே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வடிவு மூன்று பாத்திரத்தையும் ஒவ்வொன்றாக அடுப்படிப் பெட்டியின் பக்கத்தில் காட்டிவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினாள். வாசனை இரண்டு தளம் ஏறி, ஒரு தளம் இறங்கி, பிறகு அவளிடம் வரவேண்டியிருந்ததால் கொஞ்சம் பிந்தி வந்தது, வரும் வழியில் ஒரு துளி சந்தனத்தையும் ஒரு துளி சாளை மீனையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதை விலக்கி மோந்து பார்த்தாள். முதல் பாத்திரம் நல்ல பால். இரண்டாவதும் நல்ல பால். மூன்றாவதில் எங்கேயோ ஓர் ஓரத்தில் ஊசல். அதைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டு வேறு தேங்காய் உடைத்தாள், இதை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், நினைப்பை நிறுத்திக்கொண்டு, பழக்கத்தில் மேலே மிஸ்டு கால் கொடுத்துவிட்டு மிக்ஸியைப் போட்டாள்.

மறுவீட்டுச் சாப்பாடு எப்படி நடந்தது என்பதை அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொல்லாத நாக்குத் தாய்மாமன் மூன்று தடவை சொதி வாங்கினார், மூன்றாவது தடவை சோறு இல்லாமல். மூக்கில்லாதவள் சமைத்தாள் என்ற செய்தி மறுநாளைக்குள் ஒன்பது வீட்டுக்கும் கேரியர்காரர்களுக்கும் பரவி, கணக்கு வாத்தியார் இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் கேரியரோடு வந்து நின்றார். சீரியல் லைட்டைப் பந்தல்காரர் கழற்றிக்கொண்டு போனார். அந்த இரண்டு வயரைக் கழற்ற வந்தபோது, அது சங்கத்து வயர், தொடாதே என்று செக்ரட்டரி மேலே இருந்து சத்தம் போட்டார். ஆனால் இதெல்லாம் பிற்பாடு.

சொதி கொதித்து அடங்கி, தலைப்பாலை ஊற்றி, திரியாமல் இறக்கி வைத்த அந்த நிமிஷத்தில் வடிவு கடைசியாக ஒருமுறை மோந்து பார்க்கப் படுக்கையறைக்கு வந்தாள். ஆவுடையப்பன் கல்யாணத்துக்கு எடுத்த புது வேட்டியோடு தரையில் சம்மணமிட்டு, ஜன்னலில் இருந்த பெட்டிக்கு நேராக முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது.

"ஏளா வடிவு" என்றார், கண்ணைத் திறக்காமல். "இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கு."

வடிவு கரண்டியோடு நின்றாள். இஞ்சி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் சரியாகிவிடும் என்று அவளே நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கண்ணைத் திறந்தார். "எனக்கும் மூக்கு கிளீனரா இருக்கும்போதே போச்சுளா. கல்யாணத்துக்கு முன்னாடியே. இன்ஜின் பக்கத்துல டீசலையும் பொகையையும் குடிச்சுக் குடிச்சு ஒண்ணும் தெரியாமப் போச்சு. ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீ கிண்டுன கேசரின்னு குடுத்தாக. நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். பொறவு எப்பிடி மாத்திச் சொல்ல?" பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "ஆடி மாசத்துல இருந்துதான் நீ என்ன சமைக்கன்னே எனக்குத் தெரியும். சொன்னா, அதுக்கு முந்தி எப்பிடின்னு கேப்பியே. இன்னைக்கு நீ சொல்லிட்ட. அதான்."

ஒரு தடவைக்குக்கூடக் குறை சொல்லாத மனுஷன்மேல் முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் அத்தனையும் அப்போது வடிவுக்கு ஒன்றாக வந்து, இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் சிரிப்பாகப் போயிற்று. மண்ணெண்ணெய்த் தோசையை நினைத்துச் சிரித்தாள், புளி விட்டுப்போன ரசத்தை நினைத்துச் சிரித்தாள், முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எலுமிச்சம்பழத்தை வெட்டி, அரை மூடியைப் பிழிந்து, ஒரு கிண்டு கிண்டி, பாத்திரத்தைச் சற்றே பெட்டிப் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இப்போ?" என்று அங்கிருந்தபடியே சத்தமாகக் கேட்டாள்.

பதில் உடனே வரவில்லை. வாசனை செக்ரட்டரி வீட்டுக்கு ஏறி, பெனிட்டா வீட்டுக்கு இறங்கி, படுக்கையறை ஜன்னலுக்கு வந்து சேரவேண்டும். வடிவு கரண்டியைக் கையில் பிடித்தபடி அது போய்ச் சேரும்வரை நின்றாள்.

"நல்லாருக்கு" என்றார் ஆவுடையப்பன். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை அவள் முதல் தடவையாக நம்பினாள்.